திருக்கை வலையில் விழுந்த உலகக் கோப்பை

பிப்ரவரி 2, வெள்ளி

இந்த நோட்டில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. நடுக்கடலையும் நங்கூரத்தையும் சாட்சியாக வைத்து இதை உறுதி கூறுகிறேன். வேறு யாராவது எழுதியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

என் பெயர் சேசடிமை. குமரிக் கடற்கரையில் பிறந்தவன். ஓமான் நாட்டு மீன்பிடித் துறைமுகம் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக லாஞ்சியில், அதாவது மீன்பிடி விசைப்படகில், இருக்கிறேன். சோறு பொங்குவதும் கிழிந்த வலையைப் பொத்துவதும் என் வேலை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நான் இந்தியக் கடற்கரைக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர், மேலாளர், மருத்துவர். பந்து கடலுக்குள் போனால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்து வருகிறவரும் நானே.

உலகக் கடற்கரைக் கால்பந்துப் போட்டி 1995-இல் ரியோ நகரத்து மணலில் தொடங்கியது என்று பிரேசில்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டும். பெரிய நாடு, நாலு பேரிடம் பேச அவர்களுக்கும் ஏதாவது வேண்டாமா? உண்மையான சர்வதேசப் போட்டி எங்கள் துறையில்தான் பிறந்தது. ஐஸ் வண்டி ஓட்டும் கமீஸ் தன் குதிகாலால் மணலில் ஒரு கோடு கிழித்தான், பிறந்துவிட்டது. கலந்துகொள்ளும் நாடுகள்: ஐஸ் கம்பெனிப் பையன்கள் ஓமான். படகுத் துறையில் கொத்துவேலை பார்ப்பவர்கள் எகிப்து. எங்கள் பக்கத்து லாஞ்சிக்காரர்கள் வங்காளதேசம். எங்கள் லாஞ்சி இந்தியா. நூற்று முப்பது கோடிப் பேருக்கு ஐந்து பேர் வெறுங்காலோடு ஆடுகிறோம், ஐந்து பேரும் ஒரே ஊர்.

இதுவரை நடந்த போட்டிகளின் வரலாற்றைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன்.

முதல் வருடம்: எகிப்திடம் பதினான்கு கோல் வாங்கினோம் என்று ஊரெல்லாம் பேச்சு. இது அப்பட்டமான பொய். பதினாறு.

இரண்டாம் வருடம்: எகிப்தின் முன்னாட்டக்காரன் அவ்வளவு உயரம். நிலா அவன் தலையில் தட்டிப் பாதை மாறியதைக் கண்ணால் பார்த்தேன். ஆட்ட முடிவு என் நினைவில் இல்லை.

மூன்றாம் வருடம்: வங்காளதேசத்துக்கு எதிராக நமக்கு இரண்டு கோல். இரண்டையும் அவர்களே போட்டுத் தந்தார்கள். அவர்கள் நல்லவர்கள். அவர்களுக்கு ஒன்பது.

நான்காம் வருடம்: எஞ்சின் பழுதாகி நாங்கள் நடுக்கடலில் நின்றுவிட்டோம். அந்த வருடம் எங்களை ஒருவராலும் தோற்கடிக்க முடியவில்லை.

ஐந்தாவது போட்டி இரண்டு வாரத்தில்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மீன் இல்லை. குழம்பு வைத்தேன். கத்தரிக்காய்.

சாயங்காலம் என் மருமகன் ஜெர்பின் (தங்கை பிலோமியின் மகன், நம் அணியின் முன்னாட்டக்காரன்) கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். நான்கு வருடம் கழித்து இந்த மாதக் கடைசியில் அவன் ஊருக்குப் போகிறான். கைப்பேசியில் எங்கள் ஊர்க் கோயில் முன்னால் கட்டிய ஒரு ஃபிளெக்ஸ். அதில் தென்னை உயரத்துக்கு ஜெர்பின் நிற்கிறான். கீழே எழுத்து: ‘நான்கு முறை சர்வதேசச் சாம்பியன், எங்கள் மண்ணின் மைந்தன் ஜெர்பினை வரவேற்கிறோம். கோப்பையுடன் ஊர்வலம், 28-ஆம் தேதி.’

“மாமா, இது என்ன?”

“நல்லா எடுத்திருக்கானுவ மக்கா. மூக்குதான் கொஞ்சம் பெருசாப் போச்சு.”

“நான் மூக்கக் கேக்கல்ல. நாலு தடவ சாம்பியன்னு யாரு சொன்னது?”

நான் அடுப்பைக் கவனித்தேன்.

“அம்மகிட்ட போன்ல இமோவில பேசும்பம் ஒவ்வொரு வருசமும் நீங்க என்ன சொன்னீங்க மாமா?”

சொன்னேன், உண்மைதான். முதல் வருடம் பிலோமி கேட்டாள்: “அண்ணா, பையன் எப்படி ஆடினான்?” அன்று அவள் குரல் சுரமில்லாமல் இருந்தது. புருஷன் இறந்த வருடம் அது. ‘ஜெயிச்சோம்’ என்றேன். அவள் சிரித்தாள். ஒருமுறை ஜெயித்த அணியை மறுவருடம் தோற்கடிக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே மீன் எடையில் பொய் சொல்லலாம், வயதில் பொய் சொல்லலாம், பாவசங்கீர்த்தனத்தில்கூட ஒன்றிரண்டை விழுங்கலாம். கால்பந்து முடிவில் மட்டும் பொய் சொன்னவன் கடற்கரையில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

“அந்த மேடையில நான் எப்படி மாமா நிப்பேன்?” என்றான் ஜெர்பின்.

“வழி ஒண்ணுதான் மக்கா. இந்தத் தடவ ஜெயிச்சிரணும். கோப்பையக் கையில பாத்தா நாலா ஒண்ணான்னு எவன் எண்ணப்போறான்?”

பிப்ரவரி 6, செவ்வாய்

கோல் கம்பங்களுக்கு வலை கட்டும் பொறுப்பு இந்தியாவுக்குக் கிடைத்தது. உலகிலேயே சிறந்த வலைக்காரன் யார் என்று கமீஸ் விசாரித்தானாம், எல்லா நாடுகளும் ஒரே குரலில் என் பெயரைச் சொன்னார்களாம். (நான் பக்கத்தில் நின்று நானாகவே கையைத் தூக்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

லாஞ்சியில் சும்மா கிடந்தது பழைய திருக்கை வலை ஒன்றுதான். கோயில் பந்தல் அகலத் திருக்கை ஒன்று இதில் மாட்டி, எங்களை லாஞ்சியோடு ஈரான் வரைக்கும் இழுத்துப் போயிருக்கிறது. அதை இரண்டாக வெட்டி, இரண்டு கோலுக்கும் ஒவ்வொரு முடிச்சாக நானே கட்டினேன்.

கஸ்பார் வந்து பார்த்தான். எங்கள் லாஞ்சியை ஓட்டுகிறவன், அணிக்குக் கோலி. பாதி கோலை அவன் வயிறே மறைத்துக்கொள்ளும். வலைக்கண் ஒன்றில் தலையை விட்டான். தலை அந்தப் பக்கம் போனது.

“மாமா, எனக்க தலையே போவுதே. பந்து நிக்குமா?”

“பந்து ஒனக்க தலையவிடப் பெருசுலே. உள்ளயும் ஏதோ இருக்கு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் அந்தக் கேள்வி காற்றோடு போய்விட்டது.

பிப்ரவரி 10, சனி

கடலில். நெய்மீன் கொஞ்சம். கஸ்பாருக்குப் பல்வலி, கிராம்பு வைத்தேன்.

ஜெர்பின் கைப்பேசியில் தாகித்தி ஆடிய பழைய ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாகித்தி பசிபிக் கடலில் ஒரு தீவு, கடுகு மாதிரி. கடற்கரைக் கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறார்கள். இதை நான் இட்டுக்கட்டவில்லை, யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். தீவுக்காரன் போனால் கரைக்காரன் போகக் கூடாதா?

“ரெண்டு தடவையும் தோத்துட்டாவ மாமா.”

“ஊருக்குப் போனப்ப அடிச்சா வெரட்டினாவ?”

அவன் அந்த ஆட்டத்தை மறுபடி முதலில் இருந்து பார்த்தான்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். தவக்காலத்துக்குப் பொய்யை விடச் சொன்னான் ஜெர்பின். இறைச்சியை விட்டேன். லாஞ்சியில் இறைச்சி கிடைப்பதில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

அரையிறுதியாட்டம். எகிப்தை வென்றோம்! ஐந்துக்கு நான்கு!

ஐம்பதாயிரம் பேர் திரண்டிருந்தார்கள். அதில் நாற்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் கடற்காகம். காகமும் கை தட்டியது. வெயிலில் மணல் கொதித்த கொதியில் முட்டை போட்டால் கோழியாகவே எழுந்து ஓடியிருக்கும்.

ஜெர்பின் போட்டது நான்கு. மூன்றாவதை மட்டும் எழுதுகிறேன், மற்றவற்றுக்கு இந்த நோட்டு போதாது. பந்தைக் கால்விரலால் மேலே தூக்கிவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, ஆகாயத்தில் மல்லாந்து படுத்தான். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தான். எகிப்துக் கோலி தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். அப்புறம்தான் அடித்தான்.

கடைசி நிமிடத்தில் நான்குக்கு நான்கு. கஸ்பார் கோலை விட்டு முன்னே ஓடி வந்தபோது எகிப்துக்காரன் காலை வாரிவிட்டான். நடுவரான கமீஸ் ஊதினான். எங்கள் போட்டியில் சட்டம் ஒன்று உண்டு: விழுந்தவனே எழுந்து அடிக்க வேண்டும், அவனுக்காக வேறு ஆள் அடிக்கக் கூடாது, எதிரே சுவர் மாதிரி ஆளும் நிற்கக் கூடாது. கஸ்பார் வாழ்நாளில் பந்தை நேராக அடித்ததில்லை.

“மாமா, நான் எப்பிடி அடிக்க?”

“நங்கூரம் போடுத மாதிரி நெனச்சுக்க. பந்தப் பாக்காத.”

கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். கடற்காற்று பந்தை வாங்கி, யோசித்து, வளைத்து, உள்ளே கொண்டு வைத்தது. வலையின் நடுவில் பாய்ந்த பந்து என் திருக்கை வலையின் கண்ணைத் தாண்டி, அந்தப் பக்கம் போய், நேராகக் கடலில் விழுந்தது. நீந்தி எடுத்தேன்.

“யா சேசு!” என்று கமீஸ் கத்தினான். “உன் வலையில் பந்து நிற்காதா?” அவன் பேசும் இந்தி என் இந்தியைவிட மோசம்.

“பெரிய மீனுக்குக் கட்டிய வலை, சின்ன மீனை விட்டுவிடும்” என்றேன். அடுத்த வெள்ளி இறுதியாட்டத்துக்குள் இரட்டையாகக் கட்டுவதாகவும் சொன்னேன்.

நாளை விடியுமுன் கடலுக்குப் போக வேண்டும். வந்து கட்டிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 22, வியாழன்

கரை சேரச் சாயங்காலமாகிவிட்டது. வலை கட்டவில்லை.

பிலோமி அழைத்தாள். ஊரில் செண்டை மேளம் பேசிவிட்டார்களாம். ஜெர்பின் பேசவில்லை, குளிக்கப் போனதாகச் சொல்லச் சொன்னான். இன்று அவனுக்கு அது மூன்றாவது குளியல்.

பிப்ரவரி 23, வெள்ளி

ஓமானை வென்று வந்த வங்காளதேசத்தோடு இறுதியாட்டம். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டு முடிந்து, மூன்றாவதும் முடியப்போகிறது. இந்தியா மூன்று, வங்காளதேசம் மூன்று. எங்கள் பக்கம் ஜெர்பினின் இடது கால் பெருவிரல் வீங்கிப் பலாக்கொட்டை மாதிரி இருக்கிறது. அவர்கள் பக்கம் மொஃபிஜுல், அவர்கள் லாஞ்சியின் தலைவன், இரும்பால் ஆன மனிதன். காற்று புழுதியை அள்ளி வீசுகிறது. அந்தப் புழுதியில் இரண்டு ஒட்டகங்கள் வழிதவறியதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

நான் எங்கள் கோலுக்குப் பின்னால் நிற்கிறேன். பந்து கடலுக்குள் போகாமல் பார்க்க வேறு ஆள் ஏது?

மொஃபிஜுல் வலப்பக்கமிருந்து அடித்தான். கஸ்பார் பாய்ந்து முகம் மணலில் புதைய விழுந்தான். கமீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். பந்து கம்பத்தை உரசியபடி வந்து என் காலடியில் விழுந்தது.

கம்பத்துக்கு உள்ளேயா, வெளியேயா? வலைக்கு உள்ளே கிடந்திருந்தால் கேள்வியே இல்லை. பந்து வலைக்குப் பின்னால் கிடந்தது.

“கோல்!” என்று வங்காளதேசம் முழுவதும் குதித்தது. “வெளிய! வெளியலே!” என்று எங்கள் ஆட்கள் நான்கு பேர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார்கள். கஸ்பார் மண்ணைத் துப்பிவிட்டு ஐந்தாவதாகச் சேர்ந்துகொண்டான். சட்டை பிடிக்கும் நிலைமை. கமீஸ் ஊதி ஊதி விசில் நனைந்துபோனது.

“பின்னால் நின்றது யார்?” என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மொஃபிஜுல் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். “இவரா? திமிங்கிலத்தைத் தூண்டிலில் பிடித்தேன் என்று போன வாரம் சொன்ன ஆள் இவர்தான்! நிலாவை எகிப்துக்காரன் தலையில் மோதவிட்டவரும் இவர்தான்!”

கமீஸ் என் தோளில் கை வைத்தான். “சேசு, சொல்.”

ஜெர்பினைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஃபிளெக்ஸ் இல்லை, செண்டை மேளம் இல்லை. வலையில் கம்பத்தை ஒட்டிய மேல் முடிச்சு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நான் போட்ட முடிச்சு. உள்பக்கமிருந்து தட்டுப்பட்டால்தான் அப்படி ஆடும். எங்கள் அப்பன் காலத்திலிருந்து ஒரு வழக்கம்: மீனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம். வலையைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. கிழிந்த வலையை நல்ல வலை என்றால் நடுக்கடலில் ஆள் போய்விடும்.

“கோல்” என்றேன்.

கடல்கூடச் சத்தம் போடவில்லை. (இது மிகை. ஆனால் கொஞ்சம்தான்.)

முதலில் வாயைத் திறந்தவன் மொஃபிஜுல். “இதில் ஏதோ சூது இருக்கிறது” என்றான். “நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.” கமீஸ் மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் என் வாயில் அதே சொல்தான் வந்தது. தொண்டையில் மண் போயிருந்ததால் வேறு சொல் வரவில்லை என்று நினைக்கிறேன்.

“மாமா, தலைக்கு வெயில் புடிச்சிற்றா?” என்று கஸ்பார் கத்தினான்.

ஜெர்பின் வந்தான். என் காலடியில் கிடந்த பந்தை எடுத்தான். வீங்கின காலோடு நடந்து போய் மைதானத்தின் நடுவில் வைத்தான். “வலைக்காரரு சொன்னா சரிதான். ஆடுங்கலே” என்றான்.

மிச்சமிருந்த நேரத்தில் ஒரு தடவை கம்பத்தில் அடித்தான். அவ்வளவுதான். நான்குக்கு மூன்று.

சோறு பொங்கினேன். யாரும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன் என்று எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 24, சனி

பிலோமியை நானே அழைத்தேன். வெளியே போய், ஐஸ் கம்பெனிச் சுவரோரம் நின்று பேசினேன்.

“பிலோமி, நாங்க தோத்துட்டோம்.”

“போங்கண்ணா.”

“சத்தியமாத்தான். நாலுக்கு மூணு. முந்தின வருசங்களும் ஜெயிக்கல்ல. ஒரு வருசம் பதினாறு கோலு வாங்கினோம்.”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “பதினாறா! கொறச்சுச் சொல்லப்பிடாதா? கோப்பைய நேர்ல கொண்டு வந்து காட்டத்தான மறைக்கீங்க? நான் ஊர்ல சொல்ல மாட்டேன், போதுமா?”

மேலும் சத்தியம் செய்தேன். மேலும் சிரித்தாள். முப்பது வருடமாக நான் உழைத்துச் சேர்த்த பெயர் அது. ஒரே நாளில் அழித்துவிட முடியுமா?

பிப்ரவரி 26, திங்கள்

ஜெர்பினை விமான நிலையத்தில் இறக்கிவிட்டோம். கமீஸ் தன் ஐஸ் வண்டியிலேயே கூட்டிப்போனான். பெட்டியும் பையனும் குளிர்ந்தே போய்ச் சேர்ந்தார்கள்.

மூன்று நாளாக என்னிடம் பேசாதவன் வாசலில் நின்று கேட்டான். “மாமா, பந்து உள்ளதானா?”

“உள்ளதான்.”

“அப்பம் சரி.”

நாலு எட்டு போனவன் திரும்பி வந்தான். “அந்த வலையில ஒரு துண்டு வேணும்.”

என் பையிலேயே இருந்தது. எதற்கு எடுத்து வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. காற்றுக்குப் பறந்து வந்து பைக்குள் விழுந்திருக்கலாம்.

மார்ச் 1, வியாழன்

கரையில்தான் இருக்கிறோம். காலையிலேயே பிலோமி அழைத்தாள்.

நேற்று நடந்ததை அவள் சொன்னபடி எழுதுகிறேன். ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. செண்டை மேளத்தோடு ஜெர்பினைக் கோயில் முற்றத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மேடையில் கோப்பை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவன் பையிலிருந்து என் திருக்கை வலைத் துண்டை எடுத்தானாம். இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி, ஊர்ப் பந்து ஒன்றை வாங்கி அதன் கண்ணுக்குள் அடித்தானாம். பந்து மறுபக்கம் போய்ப் பங்குச் சாமியாரின் மடியில் விழுந்திருக்கிறது. பிறகு மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பதினாறையும் சொன்னான்.

“ஊரு என்ன சொன்னது?” என்றேன்.

“மொதல்ல செண்டக்காரனுவ குச்சியக் கீழ வச்சிற்றானுவ. அப்பம் பின்னால நின்ன கெழவன் ஒருத்தன் கேட்டான்: ‘லேய், எகிப்த ஜெயிச்சது உள்ளதா?’ன்னு. உள்ளதுன்னு இவன் சொன்னான். அவ்வளவுதான் அண்ணா. தோள்ல தூக்கிற்றானுவ. கால் பெருவெரல ஊரே வந்து பாத்திற்றுப் போச்சு. ஃபிளெக்ஸில ‘நான்கு முறை சாம்பியன்’ங்கத வெள்ளையடிச்சு அழிச்சிற்று, ‘இரண்டாம் இடம்’னு பெருசா எழுதிப் போட்டிருக்கானுவ. கீழ ‘எகிப்தை வென்றவன்’னு வேற.”

தாகித்திக்காரர்களுக்கு ஊரில் என்ன மரியாதை கிடைத்ததோ தெரியாது. இதைவிடக் கூடுதலாக இருந்திருக்காது.

“பின்ன எல்லாரும் நம்பிற்றாவளா?”

“எல்லாத்தையும் நம்பிற்றாவ. தோத்தத நம்பினாவ, பதினாற நம்பினாவ, கஸ்பாரு கண்ண மூடி அடிச்சத நம்பினாவ. ஒண்ணத்தான் ஒருத்தரும் நம்பல்ல.”

“எது?”

“கேட்டப்பம் நீங்க உள்ளதச் சொன்னீங்கன்னு இவன் சொன்னான் பாருங்க, அத.” அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள், கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. “நான் நம்பினேன் அண்ணா.”

அலைவரிசை சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அலைவரிசை நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மொஃபிஜுல் எங்கள் லாஞ்சிக்கு வந்தான். கையில் கோப்பை. கோப்பையில் இஞ்சி டீ. எனக்கு முதல் மடக்கு கொடுத்துவிட்டு, “அந்தத் திமிங்கிலக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்கள், இப்போது நம்பலாம் போலிருக்கிறது” என்றான். சொன்னேன். திமிங்கிலம் முன்பைவிடக் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

இந்த நோட்டை இத்தோடு மூடுகிறேன். படித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். ஐம்பதாயிரம் பேர் வரவில்லை. காகம் கை தட்டவில்லை. ஜெர்பின் ஆகாயத்தில் அவ்வளவு நேரம் படுத்திருக்கவில்லை, பாதி நேரம்தான். ஒட்டகங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

பந்து மட்டும் உள்ளேதான் போனது.